விரலடையாள அறிக்கை வந்துவிட்டது, இனி எந்த வழி?

போன மாதம் ஒரு பின்னேரம், நான் வேலை செய்யும் சட்டத்தரணியின் கந்தோரைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடும் நேரத்தில் சாம்பல்தீவுப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் நாலாக மடித்த ஒற்றைத் தாள். அவருடைய மகனுக்கு இருபத்திரண்டு வயது, அலுமினியம், கண்ணாடி பொருத்தும் வேலைக்குப் போகிறவன். ஒரு வீட்டில் லூவர் ஜன்னலின் கண்ணாடிகளைக் கழற்றி உள்ளே புகுந்து நகை எடுத்திருக்கிறார்கள். கழற்றிய கண்ணாடி ஒன்றில் இருந்த அடையாளம் அவனுடைய வலது பெருவிரலோடு பொருந்துகிறது என்று அறிக்கை வந்துவிட்டது.

"தம்பி, சயன்ஸே சொல்லிட்டுதாம், இனிப் பேசி வேலையில்லையாம். ஒத்துக்கொண்டால் குறைச்சு முடிச்சுத் தருவினமாம். நான் என்ன செய்ய?"

நான் சட்டத்தரணி இல்லை. பதினெட்டு வருடமாக ஒரு சட்டத்தரணியிடம் கோவை தூக்கி, பிரதி எடுத்து, தவணை குறித்துக்கொண்டு திருகோணமலை நீதிமன்ற வளவுக்குள் நடக்கிறவன். முடிவை உங்கள் சட்டத்தரணியோடுதான் எடுக்கவேண்டும். ஆனால் இந்த மாதிரி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு முகம் செத்துப்போய் நிற்கும் ஆட்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அவர்களில் பாதிப்பேர் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் முடிவெடுக்கிறார்கள், அதுதான் என்னை உறுத்துகிறது. வழி என்று பார்த்தால் நாலு இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். அறிக்கையை மட்டும் ஏற்றுக்கொண்டு, பொலிஸ் அதிலிருந்து சொல்லும் கதையை மறுக்கலாம். அறிக்கை எழுதிய நிபுணரைச் சாட்சிக்கூண்டுக்கு வரவழைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். இல்லையென்றால் நாமே காசு செலவழித்து வேறொரு சோதனையைக் கேட்கலாம்.

முதலில் அந்தத் தாள். மேசையில் விரித்துப் பார்த்தோம். சிங்களத்தில் தட்டச்சு செய்தது, ஓரத்தில் யாரோ பென்சிலால் தமிழில் "இவரே எடுத்தது நிரூபணம்" என்று எழுதியிருந்தார்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வரிவரியாக வாசிக்கச் சொன்னபோது எடுத்தது, களவு, நிரூபணம் என்ற சொல் ஒன்றுகூட அதில் இல்லை. இன்ன குறியீடு இட்ட படத்தில் உள்ள அடையாளமும் இன்னாரின் வலது பெருவிரல் அடையாளமும் ஒன்று, அவ்வளவுதான். எந்தக் கண்ணாடி, உள்பக்கமா வெளிப்பக்கமா, விரல் எந்தத் திசையில் கிடந்தது, எப்போது பட்டது, எதுவும் இல்லை. எப்போது பட்டது என்பதை அவர்கள் நினைத்தாலும் எழுத முடியாது, ஏனென்றால் ஒரு விரலடையாளம் எத்தனை நாள் பழையது என்று நம்பிச் சொல்லக்கூடிய முறை இன்றைக்கும் இல்லை. மழை படாத, யாரும் துடைக்காத கண்ணாடியில் அது மாதக்கணக்காகவும் கிடக்கும்.

"அக்கா, மகன் அந்த வீட்டுக்கு முன்னம் எப்பவாவது போயிருக்கிறானா?"

"போன வருசம் அந்த வீட்டு ஜன்னல் எல்லாம் முதலாளியோட போய் அவன்தானே போட்டவன்."

மூன்று கிழமையாக அந்த அம்மா எத்தனையோ பேரிடம் அலைந்திருக்கிறார். இந்த ஒரு கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

சரி, ஒப்புக்கொள்ளும் வழியை எடுப்போம். செய்தவனுக்கு அது நல்ல வழிதான், அதை நான் மறைத்துப் பேசமாட்டேன். தவணைக்குத் தவணை வேலையை விட்டு அலையும் நாட்கள் மிச்சம், முதல் தடவை என்றால் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைக்கவும் இடமுண்டு. ஆனால் செய்யாதவன், அறிக்கைக்குப் பயந்து மட்டும் தலையாட்டினால், அந்தக் குற்றவாளிப் பதிவு அவனோடேயே வரும். நாளைக்குக் கட்டாருக்கோ டுபாய்க்கோ போக பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போதுதான் அதன் விலை தெரியும். குறைச்சு முடிச்சுத் தருகிறோம் என்று சொன்னவர் அந்த நேரம் பக்கத்தில் நிற்கமாட்டார்.

எல்லாரும் நேராகப் போய் நிற்க விரும்புவது மூன்றாவது வழியில்: நிபுணரைக் கூப்பிடு, கேள்வி கேள், அறிக்கையை உடை. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 414 ஆம் பிரிவின்படி அரச பகுப்பாய்வாளர், விரலடையாளப் பதிவாளர் போன்றவர்களின் அறிக்கையை, அவர்கள் நேரில் வராமலேயே சான்றாக ஏற்றுக்கொள்ளலாம். அதாவது நாம் வாய் திறக்காவிட்டால் அந்தத் தாள் பேசாமல் கோவைக்குள் போய்விடும், அதை எழுதியவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். அவர் வரவேண்டும் என்று நம் பக்கத்தில் நேரத்தோடு கேட்கவேண்டும்.

கேட்டால் என்ன கிடைக்கும்? விரலடையாள ஒப்பீடு மோசமான அறிவியல் இல்லை, மற்றத் தடயங்களோடு பார்த்தால் நல்ல பக்கத்தில்தான் நிற்கிறது. 2011இல் அமெரிக்காவில் 169 நிபுணர்களுக்குச் சோதனை வைத்துப் பார்த்தபோது, வேறு ஆளுடைய அடையாளத்தைத் தவறாக ஒன்று என்று சொன்னது நூற்றுக்கு 0.1 அளவில்தான் இருந்தது. ஆனால் 2016இல் அங்கே ஜனாதிபதியின் அறிவியல் ஆலோசகர் குழு எழுதிய அறிக்கை, இப்படியான ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் தவறான பொருத்தம் 306க்கு ஒன்று வரைக்கும் இருக்கக்கூடும், இன்னொரு ஆய்வின்படி 18க்கு ஒன்று வரைக்கும் இருக்கக்கூடும் என்று சொன்னது. பிழையே வராது என்று கூண்டில் நின்று யாராவது சொன்னால் அது உண்மை இல்லை என்பதற்கு இது போதும்.

பிழை எப்படி வருகிறது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை 2004 மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு. வெடி தொடர்பான பொருட்கள் இருந்த ஒரு பையில் கிடைத்த அடையாளம், அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் இருந்த பிரண்டன் மேபீல்ட் என்ற சட்டத்தரணியுடையது என்று எப்.பி.ஐ. முடிவு கட்டியது. ஒருவர் இல்லை, அனுபவமுள்ள பலர் பார்த்து ஒத்துக்கொண்டார்கள். நீதிமன்றம் நியமித்த, வெளியில் இருந்து வந்த நிபுணரும் ஆம் என்றார். மனிதர் இரண்டு கிழமை அடைபட்டுக் கிடந்தார். அப்புறம் ஸ்பானியப் பொலிஸ் அதே அடையாளம் ஒரு அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்தது. அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டொலர் கொடுத்தது. இரண்டு அடையாளங்களும் நிறைய ஒத்திருந்ததும், முதலாமவர் ஆம் என்றதும் பின்னால் வந்தவர்களும் அதே கண்ணோடு பார்த்ததும்தான் காரணம்.

இதையே வைத்து இட்டியெல் ட்ரோர் என்ற உளவியலாளர் செய்த ஒரு சோதனையும் இருக்கிறது. ஐந்து நிபுணர்களிடம், அவர்களே பல வருடங்களுக்கு முன் ஒன்றுதான் என்று முடிவு சொன்ன அடையாளச் சோடிகளை, இது மேபீல்ட் வழக்கில் பிழைபோன சோடி என்று சொல்லித் திரும்பவும் கொடுத்தார். ஐவரில் நால்வர் தங்கள் பழைய முடிவை மாற்றிவிட்டார்கள். பார்த்தது அதே விரல், காதில் விழுந்த கதை மட்டும்தான் வேறு. அதனால் நிபுணர் கூண்டுக்கு வந்தால் நான் முதலில் கேட்கச் சொல்வது கோடுகளின் எண்ணிக்கையை இல்லை. சந்தேகநபர் பற்றி உங்களுக்கு முன்கூட்டியே என்ன சொல்லப்பட்டது, இரண்டாவதாகப் பார்த்தவருக்கு முதலாமவரின் முடிவு தெரியுமா, இதைத்தான்.

ஆனால் இந்த வழிக்கு விலை இருக்கிறது. நிபுணர் கொழும்பில் இருந்து 260 கிலோமீற்றர் வரவேண்டும். ஒரு தவணைக்கு அவருக்கு வேறு நீதிமன்றம், இன்னொரு தவணைக்கு லீவு, இப்படி வழக்கு இழுபடும். பையன் பிணையில் வெளியே இருந்தால் இழுபடட்டும். விளக்கமறியலில் இருந்தால் அந்த இழுவையே தண்டனை. அதோடு, அடையாளம் உண்மையிலேயே அவனுடையதாக இருந்து, அவனே அந்த ஜன்னலைப் பொருத்தியவனாகவும் இருந்தால், "இது அவன் விரலே இல்லை" என்று நிபுணரோடு மல்லுக்கட்டுவதில் என்ன லாபம்? நீதவானுக்கு முன்னால் நம் பேச்சின் பெறுமதிதான் குறையும். அடையாளம் அரைகுறையாக, மங்கலாக இருந்து, வேறு எந்தச் சாட்சியும் இல்லாத வழக்கில்தான் மூன்றாவது வழி கை கொடுக்கும்.

போதைப்பொருள் வழக்கு என்றால் இதே வழியில் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது எங்கள் கந்தோருக்கு வருவதில் பெரும்பகுதி அதுதான். ஹெரோயின் வழக்கில் பொதியின் மொத்த நிறை இல்லை, அரச பகுப்பாய்வாளர் சொல்லும் சுத்த நிறைதான் தலைவிதி. அது 2 கிராமைத் தொட்டால் மரணதண்டனை அல்லது ஆயுள் என்ற இடத்துக்கு வழக்கு போய்விடும். இரசாயனச் சோதனை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பார்க்கவேண்டியது, பிடித்த இடத்தில் நிறுத்த பொதியும் பத்தரமுல்லைப் பக்கம் உள்ள திணைக்களத்தில் திறந்த பொதியும் ஒன்றுதானா என்பதை. முத்திரை, நிறை, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரம் போனது, எந்தப் புத்தகத்தில் பதிவு. சோதனைச்சாலையும் பிழைவிடாத இடம் இல்லை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் ஒரே ஒரு அரச இரசாயனப் பரிசோதகர் சோதிக்காமலே சோதித்ததாக எழுதிக் கொடுத்து வந்ததால், 2017இல் 21,000க்கு மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகளைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

நாலாவது வழி, நாமே ஒரு சோதனையைக் கேட்பது. எங்கள் ஆட்கள் உடனே டீ.என்.ஏ. என்பார்கள். காணி ஈடுவைத்துச் செய்யட்டுமா என்று கேட்டவர்களையும் கண்டிருக்கிறேன். கொழும்பில் தனியார் ஆய்வுகூடம் இருக்கிறதுதான், ஆனால் குற்ற வழக்கில் மாதிரி நம் கையில் இல்லை, நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது, நீதவானின் கட்டளை இல்லாமல் ஒரு துணித்துண்டையும் அசைக்க முடியாது. ஆகவே காசுக்கு முன்னால் மனு.

எப்போது கேட்கலாம்? இரத்தம், விந்து, எச்சில் மாதிரி, குற்றத்தோடு நேராக ஒட்டிய மாதிரி இருந்து, பிள்ளை செய்யவில்லை என்று நிச்சயமாகச் சொன்னால், தயங்கவே கூடாது. 2015 செப்டம்பரில் கொட்டதெனியாவையில் ஒரு சின்னப் பிள்ளை கொலைசெய்யப்பட்டதே, நினைவிருக்கும். முதலில் ஒரு பாடசாலை மாணவனையும் இன்னொருவரையும் பிடித்தார்கள், நாடே அவர்கள்தான் என்று நம்பியது. டீ.என்.ஏ. பொருந்தவில்லை. அடுத்ததாகப் பிடிபட்டவர் தானே செய்ததாக வாக்குமூலம் கொடுத்ததாகச் செய்தி வந்தது. அவருடையதும் பொருந்தவில்லை. கடைசியில் அவருடைய சகோதரனுடையது பொருந்தி, 2016இல் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரனுக்கு மரணதண்டனை விதித்தது. வாக்குமூலம் பொய்த்த இடத்தில் சோதனை மூன்று பேரைக் காப்பாற்றியது. இவன் இல்லை என்று சொல்வதில் டீ.என்.ஏ.க்கு நிகராக வேறு தடயம் கிடையாது.

இவன்தான் என்று சொல்லும்போது கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். ஜெர்மனியில் ஏறக்குறைய 40 குற்றங்களில் ஒரே பெண்ணின் டீ.என்.ஏ. கிடைத்துக்கொண்டே இருந்தது, ஹைல்ப்ரோன் நகரில் 2007இல் கொல்லப்பட்ட பெண் பொலிஸ் அதிகாரியின் வழக்கிலும் அதே பெண். வருடக்கணக்காகத் தேடி 2009இல் கண்டுபிடித்தார்கள், அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தொழிற்சாலையில் பொதி செய்த பெண்ணுடையது. கலிபோர்னியாவில் 2012இல் ஒரு கொலை, இறந்தவரின் நகத்தில் இன்னொருவரின் டீ.என்.ஏ. அந்த இன்னொருவரோ அன்றிரவு மயக்கத்தில் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்திருக்கிறார். இருவரையும் ஒரே அம்புலன்ஸ் குழுதான் கவனித்தது, அவர்கள் வழியாக ஒட்டிப் போயிருக்கிறது. அவர் மாதக்கணக்கில் சிறையில் இருந்த பிறகுதான் வைத்தியசாலைப் பதிவு வெளியே வந்தது. அங்கே ஆளைக் காப்பாற்றியது ஒரு சாதாரண வார்ட் குறிப்பு. அதனால் ஈடுவைக்க முதல், உங்கள் பிள்ளை அன்று எங்கே நின்றான் என்பதற்கான துண்டு, பற்றுச்சீட்டு, வேலை வரவுப் புத்தகம், கடைக் கமரா, இவற்றைத் தேடுங்கள். கமராப் பதிவு சில கிழமைகளிலேயே அழிந்துவிடும், அறிக்கை வரும்வரை அது காத்திருக்காது.

தடயவியல் எல்லாம் பொலிஸின் பக்கம், நம்பவே கூடாது என்று சொல்கிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அவர்களுக்கு நான் 2006 ஜனவரி 2ஆம் திகதியைச் சொல்வேன். திருமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் இறந்துகிடந்தபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பில் முதலில் சொன்னார்கள். பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டியது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களும் அதையே காட்டின, அந்த மாதமே அவரையும் சுட்டுக் கொன்றார்கள். குண்டுக் கதை பிணவறை மேசையில் விழுந்துபோனது உண்மை. ஆனால் யார் சுட்டது என்று அந்த மேசை சொல்லாது. அதற்குச் சாட்சி வேண்டும், சாட்சிகளுக்கு உயிர்ப்பயம். 2013இல் கைதான 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சி இல்லை என்று விடுதலையானார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் கந்தோரில் ஒருவரும் பேசவில்லை.

அதே 2006 ஓகஸ்டில் மூதூரில் 17 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஒரு தோட்டா 5.56 மில்லிமீற்றர் ரகம் என்று அவுஸ்திரேலியத் தடயவியல் மருத்துவர் முதலில் எழுதி, பிறகு 7.62 என்று திருத்தினார். யாருடைய துப்பாக்கி என்ற கேள்வியே அந்த இலக்கத்தில் தொங்கியது. நல்ல நிபுணருக்கும் கண் தவறும், தவறியதை எப்படித் திருத்தினார், எதை வைத்துத் திருத்தினார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்பதை நான் அந்த வழக்கில்தான் படித்தேன்.

இறந்த நேரம் பற்றிய அறிக்கை கையில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உடல் சூடு குறையும் கணக்கு குளிர் நாடுகளில் எழுதியது. எங்கள் ஊர் வெயிலில், தகரக் கூரை அறைக்குள், வெளிச்சூடும் உடல் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கும்போது அந்தக் கணக்கு பெரிதாகப் பிசகும். கடலில் கிடந்த உடல் என்றால் சொல்லவே வேண்டாம். அறிக்கையில் ஒரே ஒரு மணி குறிப்பிட்டிருந்தால், எந்த மணியிலிருந்து எந்த மணி வரைக்கும் இருக்கலாம் என்று சட்ட வைத்திய அதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள். நேர்மையான வைத்தியர் தயங்காமல் சொல்வார்.

இனி அந்த அக்காவின் மகனுக்கு வருவோம். நான் அவருக்குச் சொன்னது இரண்டாவது வழியை. அறிக்கையை அதே சட்டக்கோவையின் 420 ஆம் பிரிவின் கீழ் ஒத்துக்கொள்ளலாம், ஆம், அது அவன் விரல்தான், ஆனால் எந்த நாளில் பட்டது என்பதை வழக்குத்தொடுநர் காட்டட்டும். இதற்கு நிபுணர் தேவையில்லை. தேவை முதலாளியின் கணக்குக் கொப்பியில் அந்த வீட்டு வேலை எழுதிய பக்கம், கண்ணாடி வாங்கிய பற்றுச்சீட்டு, முடிந்தால் முதலாளியே வந்து சாட்சி சொல்வது. சட்டத்தரணியும் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

இதில் ஒரு பயம் எனக்கு உண்டு, அதை அக்காவிடம் மறைக்கவில்லை. லூவர் கண்ணாடியைப் பொருத்துகிறவனும் கழற்றுகிறவனும் பிடிப்பது ஒரே இடத்தை, இரண்டு ஓரத்திலும் பெருவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். ஆகவே இடத்தை மட்டும் வைத்து அவன் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் கண்ணாடியை மாதாமாதம் துடைக்கிறவர் என்றால் நம் கதை ஆட்டம் காணும். வேலைக்குப் பிறகு ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்து, அந்த அடையாளம் பெயின்ட் தெறித்த துளிக்கு மேல் விழுந்திருந்தால் நம் கதை முடிந்தது, துளிக்குக் கீழே இருந்தால் வழக்கு முடிந்தது. இதையெல்லாம் சொல்லக்கூடியவர் கொழும்பில் படத்தைப் பார்த்து ஒப்பிட்ட நிபுணர் இல்லை, அன்று காலை அந்த வீட்டில் தூரிகையும் தூளும் வைத்துக்கொண்டு நின்ற சொகோ அதிகாரி, அதாவது குற்றம் நடந்த இடத்தில் தடயம் எடுக்கும் பொலிஸ்காரர். அவரைத்தான் நாங்கள் கூண்டில் எதிர்பார்க்கிறோம். எங்கள் பணமும் நேரமும் போகவேண்டியது அவரிடம் கேட்கும் கேள்விகளுக்கு.

அவர் வரைந்த இட வரைபடத்தின் பிரதியையும், கண்ணாடி இருந்த நிலையில் எடுத்த படங்களையும் கேட்டுப் போன கிழமை மனுப் போட்டிருக்கிறோம். வழக்குப் பொருளாக எடுத்த அந்தக் கண்ணாடியைத் துடைக்காமல், கழுவாமல் அப்படியே வைத்திருக்கக் கட்டளை கேட்டும் ஒரு வரி சேர்த்தோம். அக்கா மகனின் முதலாளியைத் தேடி நிலாவெளிக்குப் போய், 2023 என்று எழுதிய நீல மட்டைக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். மழை நனைத்துப் பக்கங்கள் ஒட்டியிருந்தன. மேசை விசிறிக்குக் கீழே விரித்து வைத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.